திருத்தம் போடுங்கள்: கண்வலிக் கிழங்கு தேனில் குழைத்துச் சாப்பிடுகிற பொருள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலனூருக்குப் பக்கத்தில் இரண்டரை ஏக்கரில் கண்வலி, அதாவது செங்காந்தள், விவசாயம் செய்கிற வீடு எங்களுடையது. எனக்கு 58 வயது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நூல் மில்லுக்குப் போனவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தோட்டம்தான். கண்வலி போட ஆரம்பித்து 22 வருஷம் ஆகிறது. பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. உங்கள் போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பு வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

கடைசிக்கு முந்தின பக்கம், பச்சைக் கட்டம் போட்ட கட்டுரை. மூட்டுவலிக்கு வீட்டு வைத்தியம். முடக்கத்தான், நொச்சி, வாதநாராயணன் என்று சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்காவதாகச் செங்காந்தள். கிழங்கைக் கழுவிச் சீவி, வெயிலில் காயவைத்து, இடித்துச் சலித்து, காலையும் மாலையும் ஒரு டீஸ்பூன் தேனில் குழைத்து ஒரு மண்டலம் சாப்பிட வேண்டுமாம். இயற்கையானது என்பதால் பக்கவிளைவே கிடையாதாம். பக்கத்தில் பூவின் படம், பளபளவென்று.

படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. எழுதியவர் இந்த விஷக் கிழங்கைக் கையில் எடுத்தே பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். கோபம் சாயங்காலம் வந்தது. எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு ஆத்தா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், இரண்டு முழங்காலும் மடங்காது. அந்தப் பச்சைக் கட்டத்தைக் கத்தரிக்கோலால் ஓரம் பிசகாமல் வெட்டி, சுருக்குப் பையில் மடித்து வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். "அம்மிணி, உங்க ஆசாரத்துல கெழங்கு சாக்குச் சாக்கா கெடக்குதே, எனக்கு ஒரு நாலு குடு சாமி. காசு வேணும்னாலும் தர்றேன்" என்றார். ஆசாரம் என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டின் முன்கூடம்.

எங்கள் தோட்டத்தில் பூத் தொட, அதாவது பூவுக்குப் பூ மகரந்தம் தடவிவிட, பத்துப் பன்னிரண்டு வருஷம் வந்தவர் அவர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தூக்குப்போசியைத் திறக்கக் கூடாது என்று புதிதாக வருகிற பெண்களை அதட்டுகிறவரும் அவர்தான். "ஏனுங்க ஆத்தா, இது என்னன்னு உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். "தெரியும் அம்மிணி. ஆனாலும் பேப்பர்லயே போட்டிருக்குதே" என்றார்.

கிழங்கு தரவில்லை. வருத்தத்தோடுதான் போனார். அந்த வெட்டிய தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். இதோ எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் அது ஏதோ வீட்டுக்குப் பின்னால் கிள்ளி எடுக்கிற தூதுவளை மாதிரி இருந்தது. கண்வலி, காந்தள், கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ எல்லாம் ஒன்றுதான். முன்பு எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொரங்காடுகளில் கிளுவை வேலிமேல் ஏறித் தானாகப் பூத்துக் கிடக்கும். இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும், தனியாகப் பற்றுக்கொடி கிடையாது. மழைக்கு முளைக்கும், பூக்கும், காயும். யாரும் சட்டை செய்ததில்லை. மாநில மலர் காந்தள் என்று மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படத்தோடு பார்த்தபோதுதான், அட, நம்ம வேலிக் கண்வலியைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும், அதனால் அந்தப் பேர் என்பார்கள். நான் 22 வருஷமாகப் பார்க்கிறேன், வலித்ததில்லை. கிழங்கு தொட்ட கையோடு கண்ணைக் கசக்கினால் எரியும், அது வேறு சங்கதி.

இப்போது மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரத்தில் இது பயிர். வேதாரண்யம் பக்கமும் போடுகிறார்கள். ஆனி, ஆடியில் கிழங்கு ஊன்றுவோம். கிழங்கு, கவட்டை மாதிரி இரண்டு விரலாகப் பிரிந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பேர் அந்த வடிவத்தால் வந்ததுதான். விரலின் நுனியில்தான் முளை. நுனி ஒடிந்தால் அந்த விரல் வீண், மறுபடி முளைக்காது. விதைக்கிழங்கு விற்கிற விலைக்கு, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரிதான் சாக்கிலிருந்து எடுப்போம். முன்பு கிளுவைப் போத்தும் விராலி மாரும் நட்டுப் படரவிட்டோம். இப்போது கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறோம்.

ஆவணிக் கடைசியில் பூ வரும். பச்சையாக வெளியே வந்து மஞ்சளாகி அப்புறம் சிவக்கும். ஒரே கொடியில் நாலு நிறத்தில் பூ நிற்கும். பார்க்க அழகு, ஆனால் பார்க்க நேரம் இருக்காது. ஏனென்றால் இந்தப் பூ தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளாது. சூல்தண்டு அடியிலேயே ஒடித்துவிட்ட மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், ஆறு மகரந்தப் பையில் ஒன்றும் அதை எட்டாது. வண்டையும் பட்டாம்பூச்சியையும் நம்பினால் பாதிப் பூ வெறுமனே உதிர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு பூவையும் நாம்தான் தொட்டுவிட வேண்டும். வெடித்த மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். வெள்ளென ஏழு மணிக்கு இறங்கினால் பதினொரு மணிக்குள் முடித்தாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பிடிக்காது. நாளைக்குப் புதுப் பூ. இப்படி இரண்டு மாசத்துக்கு மேல். கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி ஆகிவிடும்.

சங்க காலத்துப் புலவர்கள் பெண்களின் விரலுக்குக் காந்தளை உவமை சொன்னார்களாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசையாகச் சொல்கிற 99 பூவில் முதல் பூவே காந்தள்தான் என்று மகள் படித்துக் காட்டினாள். ஐப்பசி மாசத்தில் எங்கள் விரலை ஒருதரம் பார்த்திருந்தால் புலவர்கள் அந்த உவமையைக் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

தையில் காய் வெளுத்துத் தோல் சுருங்கும். பறித்து, நிழலில் உலர்த்தி உடைத்தால் உள்ளே மாதுளை முத்து மாதிரி சிவந்த விதை. அந்த விதைதான் பணம். வியாபாரி வந்து ஒரு கை அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்குவார், சத்தத்தைக் கேட்டுத்தான் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்வார். ஒரு வருஷம் கிலோ 3,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறோம், இன்னொரு வருஷம் 1,000 ரூபாய்க்குக் கெஞ்சியிருக்கிறோம். விலைக் கதையை ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது, விடுங்கள்.

அந்த விதை எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று ரொம்ப வருஷம் எங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுக்குப் போகிறது என்பார்கள். சாயம் எடுக்கிறான் என்றார் ஒருத்தர். திருப்பூர் பக்கத்தில் எதைக் கேட்டாலும் சாயம் என்றுதானே சொல்வார்கள். மகள் மருந்தியல் படிக்கப் போனபிறகுதான் விஷயம் வீட்டுக்கு வந்தது. விதையிலிருந்து கொல்ச்சிசின் என்ற சரக்கைப் பிரித்தெடுக்கிறார்கள். 1820-ஆம் வருஷம் பிரான்சில் பெல்லத்தியே, கவாந்து என்று இரண்டு பேர் இதை முதன்முதலாகப் பிரித்தார்களாம். அதே வருஷம் மலேரியாவுக்கான கொய்னாவைச் சிங்கோனாப் பட்டையிலிருந்து பிரித்ததும் அவர்களேதான். அவர்கள் கொல்ச்சிசினை எடுத்தது ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கிற வேறொரு செடியின் கிழங்கிலிருந்து. அதுவும் நம் காந்தளும் ஒரே குடும்பம்.

கொல்ச்சிசின் எதற்கு என்றால், மூட்டுவலிக்குத்தான். எல்லா மூட்டுவலிக்கும் இல்லை. யூரிக் அமிலம் கூடி, கால் கட்டைவிரலில் ராத்திரியோடு ராத்திரியாக வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகிற மாதிரி வலிக்குமே, அந்த வாதத்துக்கு. 2023-ல் அமெரிக்காவில், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வராமல் காக்கவும் அரை மில்லிகிராம் மாத்திரையாக அனுமதித்திருக்கிறார்கள். ஆக, உங்கள் கட்டுரையாளர் முழுக்கப் பொய் எழுதவில்லை. பாதி நிஜம். முழுப் பொய் என்றால் எங்கள் ஆத்தா சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

எனக்கே இந்தப் பூவின் மருந்து வேலை செய்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முந்தி, பூத் தொட்டு முடித்த கார்த்திகையில், வலது தோள் பிடித்துக்கொண்டது. தலை சீவக் கை எழவில்லை. டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். இரண்டாம் நாளே கொஞ்சம் இளகியது. அந்த வாரம் மகள் வந்திருந்தாள். அட்டையைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, இதுல தயோகொல்ச்சிகோசைடு இருக்கு. 4 மில்லிகிராம். இது எதுல இருந்து வருதுன்னு நெனைக்கிறே?" காந்தள் விதையில் இருக்கிற இன்னொரு சரக்கை எடுத்து, ஆலையில் கொஞ்சம் மாற்றிச் செய்வதாம். பூத் தொட்டுப் பிடித்த தோளுக்குப் பூவிலிருந்தே மாத்திரை. எங்கள் வீட்டு விதையோ பக்கத்துத் தோட்டத்து விதையோ, யார் கண்டது.

நல்லாக் கேட்கிறதே என்று இன்னும் பத்து நாளைக்கு வாங்கிவரச் சொன்னேன். மகள் முடியவே முடியாது என்றுவிட்டாள். செல் பிரியும்போது அதிலிருக்கிற மரபுச் சரடுகளின் கணக்கை இது கெடுக்கலாம் என்று தெரியவந்ததால், 2013-லேயே ஐரோப்பாவில் ஏழு நாளுக்கு மேல் தரக் கூடாது, கர்ப்பிணிக்குத் தரவே கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டார்களாம். ஆலையில் சுத்தமாக்கி, எடை போட்டு, அட்டையில் அடைத்து, டாக்டர் கையெழுத்தோடு வருகிற மாத்திரைக்கே ஏழு நாள். உங்கள் கட்டுரையில் பச்சைக் கிழங்குப் பொடிக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனிலேயே மகளோடு உட்கார்ந்து போட்டது இது. விதையில் கொல்ச்சிசின் நூற்றுக்கு அரைப் பங்கு, நல்ல விதையில் அதற்கு மேலும் இருக்கும். அரைப் பங்கு என்றால் ஒரு கிலோவில் 5 கிராம். மாத்திரை ஒன்று அரை மில்லிகிராம்தான். ஆகவே வியாபாரி காதோரம் குலுக்குகிற அந்த ஒரு கிலோ விதையில் 10,000 மாத்திரைக்கான சரக்கு இருக்கிறது. நான் நம்பாமல் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

கிழங்கில் விதையைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மண்ணுக்கு மண், கிழங்குக்குக் கிழங்கு, தோண்டுகிற மாசத்துக்கு மாசம் மாறும். ரொம்பக் குறைத்து, ஆயிரத்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டீஸ்பூன் பொடி நாலு கிராம். அதில் 4 மில்லிகிராம். எட்டு மாத்திரை. சாயங்காலம் இன்னொரு எட்டு. கட்டைவிரல் வீங்கித் துடிக்கிறவருக்கே டாக்டர் ஒரு நாளைக்கு எழுதுவது இரண்டோ மூன்றோதான். அதையும் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டுத்தான் எழுதுவார். எங்கள் ஆத்தாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. முதல் நாளே பதினாறு மாத்திரை.

கணக்கு உறைக்காதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எட்டு வருஷத்துக்கு முந்தி, எங்கள் தோட்டத்தில் கல்லுக்கால் நட வெளியூரிலிருந்து நாலு பேர் வந்து தங்கியிருந்தார்கள். எல்லோரும் இளவட்டப் பையன்கள். ஆனி மாசம், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஊன்றுகிற கிழங்கு குமித்துக் கிடந்தது. அதில் ஒரு பையன் சாயங்காலம் அடுப்புத் தணலில் இரண்டைச் சுட்டுத் தின்றிருக்கிறான். சர்க்கரைவள்ளி மாதிரி ஏதோ ஒரு கிழங்கு என்று நினைத்தானாம். ஒன்றைத் தின்றுவிட்டு, கசக்கிறதே என்று இன்னொன்றைப் பாதியில் போட்டுவிட்டான். மற்ற மூன்று பேர் தொடவில்லை. எச்சரிக்காமல் விட்டது எங்கள் தப்பு. எங்களுக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ராத்திரி பதினொரு மணிக்கு வாந்தி. விடிவதற்குள் எத்தனை தடவை வயிற்றால் போனது என்று கணக்கில்லை. முதலில் கூட்டிப்போன இடத்தில், என்னப்பா சாப்பிட்டாய் என்றதற்கு, என் வீட்டுக்காரர் "கண்வலிக் கெழங்குங்க" என்று சொல்லியிருக்கிறார். அங்கே இருந்த சின்ன டாக்டர், "கண்ணுல வலி எப்ப இருந்து?" என்று கேட்டாராம். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள். வாந்தி நின்றது. மறுநாள் பையன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். சரியாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.

அதுதான் இந்த விஷத்தின் குணமாம். முதலில் வயிற்றைப் புரட்டும், அப்புறம் அடங்கின மாதிரி இருக்கும், இரண்டாம் மூன்றாம் நாள்தான் உள்ளே இறங்கும். மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது, பல் ஈறில் ரத்தம். கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். இந்தத் தடவை நான் ஒரு கிழங்கை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். அங்கே ஒரு வயதான டாக்டர் அம்மா பையைத் திறந்து பார்த்ததும் பேரைச் சொல்லிவிட்டார். மாற்று மருந்து கிடையாது, தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வைத்தியம் என்றார். ரத்தத்தில் வெள்ளை அணு, தட்டணு எண்ணிக்கை எல்லாம் தரைக்கு இறங்கிக் கிடந்தது. ஒரு வாரம் ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவன் அம்மா ஊரிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கெழங்குதானே தின்னான், கெழங்குதானே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிழைத்துவிட்டான். வார்டுக்கு மாற்றின பிறகு, பன்னிரண்டாம் நாளோ என்னவோ, தலையைச் சொறிந்தவன் கையில் ஒரு கொத்து முடி வந்தது. அடுத்த இரண்டு நாளில் தலை மொட்டை. மழிக்கவில்லை, தானாக உதிர்ந்தது. பொங்கல் முடிந்து பாக்கிக் கூலி வாங்க வந்தபோது தலையில் துண்டு கட்டியிருந்தான். அவிழ்த்துக் காட்டினான். கோழிக்குஞ்சு மாதிரி மெத்தென்று புது முடி.

கிழங்குக்கும் தலைமுடிக்கும் என்ன சம்பந்தம் என்று மகளிடம் கேட்டேன். நான் மில்லில் வேலை பார்த்தவள் என்பதால் அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல் மாதிரி இழைகள் உண்டாம். செல் இரண்டாகப் பிரியும்போது அந்த நூல்தான் பாகம் பிரித்து இழுத்துக் கொடுக்கும். செல் நகர்வதற்கும் அதுதான் வேண்டும். கொல்ச்சிசின் போய் அந்த நூல் திரள விடாமல் செய்துவிடுகிறது. கட்டைவிரல் மூட்டில் ஊசி ஊசியாகப் படிந்த உப்பைப் பார்த்துப் படையெடுத்து வருகிற வெள்ளை அணுக்கள், நூல் இல்லாததால் நடையைத் தளர்த்துகின்றன. வீக்கம் வடிகிறது. கொஞ்சமாகப் போனால் இவ்வளவுதான். கூடப் போனால், எங்கெல்லாம் செல் வேகமாகப் பிரிகிறதோ அங்கெல்லாம் வேலை நின்றுபோகும். குடல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். அந்தப் பையனுக்கு வரிசையாக நடந்தது இதுதான். வலியை எடுக்கிற குணமும் முடியை உதிர்க்கிற குணமும் ஒன்றே என்று தெரிந்த அன்றைக்கு ஆசாரத்துக் கிழங்கு சாக்குகளை உள் அறைக்கு மாற்றினேன். இடமில்லாமல் இந்த வருஷம்தான் மறுபடி வெளியே வந்தன. ஆத்தா கண்ணில் பட்டது அப்படித்தான்.

 

சித்த வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சளி பிடித்தால் ஆடாதோடை, மூட்டு இறுகினால் முடக்கத்தான் தோசை, இப்படி வளர்ந்தவள்தான் நான். எங்கள் மாமியார் காலத்தில் பிரசவம் சிக்கலானால் கண்வலிக் கிழங்கை அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்காலிலும் பூசுவார்களாம், குழந்தை தலை வெளியே வந்த நிமிஷம் வழித்துக் கழுவிவிட வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பூசுவார்களாம். வெளிப்பூச்சுக்கே அந்தப் பயம் இருந்தது. உள்ளுக்குக் கொடுக்கிற வைத்தியர் யாராக இருந்தாலும், விஷத்தைக் குறைக்கிற சுத்தி முறையைச் செய்யாமல் தொட மாட்டார். அரசாங்க மருந்து விதிகளில் இ-1 என்று ஒரு அட்டவணை, சித்த மருந்துகளில் விஷச் சரக்குகளின் பட்டியல் அதில் இருக்கிறது. எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளம் இவற்றோடு கலப்பைக் கிழங்கும் அதில் உண்டு. அதைச் சேர்த்துச் செய்த உள்மருந்து என்றால், மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று லேபிளில் எச்சரிக்கை போட்டாக வேண்டும். உங்கள் கட்டுரை சித்த வைத்தியத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு அந்த வைத்தியமே கைநடுங்கித் தொடுகிற சரக்கை டீஸ்பூனில் அள்ளச் சொல்கிறது.

எங்கள் பக்கத்தில் மருந்து என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். டாக்டர் கொடுப்பதும் மருந்து, புழுவுக்கு அடிப்பதும் மருந்து. "மருந்து சாப்பிட்டாச்சா" என்றால் ஒன்று, "மருந்தைக் குடிச்சுட்டாங்க" என்றால் வேறு, அதைக் கேட்டால் ஊரே ஓடும். உங்கள் கட்டுரையில் 'இயற்கை மருந்து' என்று பதினோரு இடத்தில் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். அளவு என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் இயற்கை என்று படம் போட்ட அந்தப் பூவுக்கு நாங்கள் இலைப்புழுவுக்கும் வேர் அழுகலுக்குமாகப் பருவத்தில் பலதரம் மருந்தடிக்கிறோம், இரண்டாவது அர்த்தத்தில்.

நான் கேட்பது இவ்வளவுதான். இதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே பச்சைக் கட்டம் போட்டு, அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். உள்பக்க மூலையில் 'வருந்துகிறோம்' என்று நாலு வரி போட்டால் ஆத்தா மாதிரி ஆட்கள் பார்க்க மாட்டார்கள். பூவின் படத்தைப் போடாதீர்கள், பூவை எல்லோருக்கும் தெரியும். கிழங்கின் படத்தைப் போடுங்கள். செங்காந்தள் என்று மட்டும் எழுதாமல் கண்வலி, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்று எல்லாப் பேரையும் எழுதுங்கள். ஏற்கெனவே யாராவது சாப்பிட்டிருந்தால் வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் இருக்கக் கூடாது, கிழங்கையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கண்டிப்பாகப் போடுங்கள். அந்தப் பையனுக்கு இரண்டு நாள் வீணானது அதனால்தான்.

என் பேரைப் போட வேண்டாம். விதை விற்கிற இடத்தில் 'விஷம் விஷம்னு பேப்பர்ல எழுதுனது நீதானா' என்று கேட்பார்கள். தையில் விலை பேச அவர்களிடம்தான் நான் நிற்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கடிதத்தின் பின்பக்கம் போன் நம்பர் இருக்கிறது, கூப்பிடுங்கள். காலையில் பதினொரு மணிக்கு அப்புறம் என்றால் நல்லது.

திருத்தம் இந்த வாரமே வந்தால் உபயோகம். ஆனி பிறந்து பத்து நாள் ஆகிறது, இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு கிழங்குச் சாக்கு வெளியே கிடக்கிறது. ஆடி பதினெட்டுக்குள் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். அதற்கப்புறம் நீங்கள் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

இப்படிக்கு,
ஒரு கண்வலி விவசாயி,
மூலனூர் அருகில், திருப்பூர் மாவட்டம்.